குளிர்காலத்தில் உள்ளூர் சைக்கிள் பந்தயக் குழுவைத் தயார்ப்படுத்துவது எப்படி?

தெற்கு லண்டனிலும் அதையடுத்த சர்ரே மலைப்பகுதியிலும் வண்டி ஓட்டும் சிறிய கிளப்புகளுக்குச் சாலைப் பந்தயப் பருவம் மார்ச் மாதத்தில் சூடுபிடிக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கும் நாளிலிருந்து கணக்கிட்டால், மார்ச் நடுப்பகுதிக்குள் கைக்குக் கிடைப்பவை ஏறக்குறைய இருபது வாரங்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே வாரத்தில் ஏழெட்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிந்த பத்துப் பன்னிரண்டு பேரை அந்த இருபது வாரங்களில் எப்படிப் பந்தயத்துக்கு ஆயத்தமாக்குவது என்பதையே இங்கு எழுதுகிறேன். சில குளிர்காலங்களாக எங்கள் குழுவின் பயிற்சி ஏற்பாட்டைக் கவனித்துவருவதால், இவற்றில் பெரும்பாலானவற்றை முதலில் தவறாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்டோம்.

முதல் வேலை, அனைவரும் ஓரிடத்தில் கூடி, வரவிருக்கும் பருவத்தில் எந்தப் பந்தயங்களில் குழுவாகக் கலந்துகொள்வது என்று முடிவு செய்வது. முக்கியமானவை மூன்றோ நான்கோ போதும். தொடக்கநிலையான நான்காம் பிரிவில் புதிதாகப் பந்தய உரிமம் எடுத்தவருக்கு ஹில்லிங்டன் சுற்றுப்பாதை போன்ற, போக்குவரத்து இல்லாத தளத்தில் நடக்கும் பந்தயம் பொருத்தமானது. தனியாகக் காலத்தை எதிர்த்து ஓட்ட விரும்புகிறவருக்குப் பத்து மைல் நேரப் பந்தயம் பொருந்தும். தேதிகளை எழுதிவைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால்தான், எந்த வாரத்தில் கடுமையாக உழைப்பது, எந்த வாரத்தில் ஓய்வெடுப்பது என்பது தெளிவாகும். மூன்று வாரங்கள் படிப்படியாகச் சுமையைக் கூட்டி, நான்காம் வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியளவுக்குக் குறைப்பது எங்களுக்குச் சரிப்பட்டு வந்திருக்கிறது.

நவம்பர் முதல் ஜனவரி வரை சாலையில் ஓட்டும் பயணங்கள் மெதுவாகவே இருக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். இந்த வேகத்தில் மூன்று மணி நேரம் மிதிக்கும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்துச் செல்லும் திறனும் வளர்கிறது. குழு தடுமாறுவதும் இங்கேதான். வலுவான இருவர் முன்னால் நின்று ஒவ்வொரு மேட்டிலும் அரை அடி முந்தினால், பின்னால் வருபவர்கள் அவர்களைப் பிடிக்கவே முழு பலத்தையும் செலவழிக்க நேர்கிறது. அவர்களுக்கு அது மெதுவான பயணம் அன்று, பந்தயம். ஆகவே எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவர் அன்று வந்திருப்பவர்களில் மிக மெதுவானவரே. 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஆண்கள் ஒன்பது முறை சுற்றிய பாக்ஸ் ஹில் மேட்டில் அவரவர் வேகத்தில் ஏறலாம், ஆனால் உச்சியில் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்போம். 294 மீட்டர் உயரமுள்ள லீத் ஹில்லுக்குப் போகும் நாளிலும் இதே ஏற்பாடுதான். குழுவில் புதியவர்கள் குளிர்காலம் முழுவதும் நிலைப்பதற்கு இந்த ஒரு விதியே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

டிசம்பர் கடைசியில் லண்டனில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது, மாலை நான்கு மணி வாக்கிலேயே மறைந்துவிடுகிறது. எனவே வார நாள் பயிற்சி வீட்டுக்குள், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியான டர்போ டிரெய்னரில் வண்டியைப் பொருத்தி மிதிப்பதாகவே அமையும். இங்கே நேரம் குறைவு என்பதால் தீவிரத்தைக் கூட்டலாம். முதலில் ஒவ்வொருவரும் தம் வரம்பை, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிதி பலத்தை, அறிய வேண்டும்: உடலை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு இருபது நிமிடங்கள் சீராக, தாங்கக்கூடிய அதிகபட்ச பலத்தில் மிதித்து, அந்தச் சராசரி வாட் அளவில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி 240 வாட் என்றால் அவருடைய வரம்பு 228 வாட். அதில் 90 சதவீதமான 205 வாட் அளவில், இடையே ஐந்து நிமிட இளைப்பாறலுடன் இரண்டு முறை இருபது நிமிடங்கள் மிதிப்பது டிசம்பர் மாதத்துக்கு ஏற்ற பயிற்சி. பிப்ரவரியில் மட்டுமே மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று குறுகிய, கடுமையான முயற்சிகளுக்குப் போக வேண்டும். அவற்றை நவம்பரிலேயே தொடங்கியவர்கள் பருவம் தொடங்கும்போது களைத்துப்போயிருந்ததை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் மிதிக்கும்போது எதிர்காற்று கிடையாது, வியர்வை அருவியாகக் கொட்டும். ஒரு மின்விசிறி கட்டாயம் வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது. ஹேண்டில்பாரின் மேல் ஒரு துண்டைப் போட்டுவையுங்கள். ஒரு மார்ச் மாதம் என் ஹேண்டில் தண்டைக் கழற்ற முயன்றபோது, உப்பு வியர்வை இறங்கிய போல்ட்டின் தலை ஆரஞ்சு நிறத் தூளாக உதிர்ந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சத்தைத் துளையிட்டுத்தான் எடுக்க முடிந்தது. ஒரு பழைய துண்டு இருந்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

வண்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவுவார்கள். ஈரத்தோடு சேர்ந்த அந்த உப்பு செயினை ஒரே இரவில் துருப்பிடிக்கச் செய்துவிடும். எனவே திரும்பி வந்ததும், கைகள் விறைத்திருந்தாலும், ஒரு வாளி வெந்நீரில் வண்டியைக் கழுவி, செயினைத் துணியால் ஒற்றி உலர்த்தி, மழைக்காலத்துக்கான கெட்டியான எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, மேலே ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட வேண்டும். செயின் தேய்மானத்தை அளக்கும் கருவியைக் குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். பதினொரு கியர், பன்னிரண்டு கியர் வண்டிகளில் நீட்சி 0.5 சதவீதத்தைத் தொட்டதும் செயினை மாற்றிவிட்டால், அதைவிட விலை கூடிய பின்பல்சக்கரத் தொகுதி தப்பும். டயர் 28 மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும், ஈரமான நாளில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நீளமான மட்கார்டு இல்லாத வண்டியைக் குளிர்காலக் குழுப் பயணத்தில் நாங்கள் சேர்ப்பதில்லை. பின் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்க வேண்டும். அது மட்கார்டு பூட்டியவருக்காக அன்று, சேறும் சாணமும் கலந்த தண்ணீரை இரண்டு மணி நேரம் முகத்தில் வாங்கிக்கொண்டு பின்னால் வருபவருக்காக.

வெப்பநிலை மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கும் காலைகளில், கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் மரநிழல் விழும் வளைவுகளில் படிந்திருக்கும். அன்று பயணத்தை ரத்து செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் மிதியுங்கள். முடிவை முந்தின இரவே ஒருவர் அறிவித்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்கு விவாதம் தொடங்கினால் யாராவது ஒருவர் கிளம்பியே தீருவார்.

உணவில் பலர் தவறுவது எடையைக் குறைக்கும் ஆசையால்தான். மூன்று மணி நேரப் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரையும் நினைவூட்டிக் குடிக்கவைக்க வேண்டியிருக்கிறது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினமும் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்குமாறு பிரிட்டிஷ் சுகாதாரத் துறை எல்லோருக்கும் சொல்கிறது. நம்மைப் போல் கறுத்த தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் அதை யோசிக்க வேண்டும் என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. எங்கள் குழுவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி வந்ததும் குழுவாக ஓட்டும் கலையைத் தொடங்க வேண்டும். முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றின் தடை பெருமளவு குறையும். அந்தக் காற்று மறைவை மாறி மாறிப் பகிர்ந்துகொள்வதே இரண்டு வரிசைச் சுழற்சி. ஒரு வரிசை முன்னேறும், முன்னால் சென்றவர் பக்கத்து வரிசைக்கு விலகி மெல்லப் பின்வாங்குவார். புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றே: முன்னிடம் கிடைத்ததும் மிதியை அழுத்திவிடுவார்கள். வேகமானியில் இருந்த எண்ணை அப்படியே வைத்திருக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு இரண்டு அடி இடைவெளி, பிறகு ஓரடி. குழியைக் கையால் காட்டுவதும், எதிரே கார் வருவதைக் குரலெழுப்பி அடுத்தவருக்குக் கடத்துவதும் அனிச்சையாக வர வேண்டும்.

முதல் பந்தயத்துக்கு முந்தின வாரம் பயிற்சியைக் குறைத்து, மட்கார்டுகளைக் கழற்றி, பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்துவிடுங்கள். பந்தய நாளில், முதன்முறை சட்டையில் பந்தய எண்ணைக் குத்திக்கொண்டு நிற்கும் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள ஒருவரைத் துணையாக ஒதுக்கி, முதல் ஐந்து சுற்றுகளும் அவருடைய சக்கரத்தை விட்டு விலக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.