பிரம்பு நாற்காலியைக் கெடுக்கும் சுத்தம்

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பிரம்பு நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், சோப்புத்தூள் தூவி, ஸ்டீல் நாரால் தேய்த்து, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். பிளாஸ்டிக் பின்னல் என்றால் பரவாயில்லை. நிஜப் பிரம்பு அதைத் தாங்காது.

பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி. அதன் மேல்தோலில் சிலிக்கா இருப்பதால்தான் அந்த வழுவழுப்பு. நாரால் கீறிவிட்டால் அழுக்கும் ஈரமும் உள்ளே இறங்கிவிடும். முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷால் இடுக்குத் தூசியைத் தட்டிவிடுங்கள். தூசியோடு ஈரத்துணி பட்டால் சேறாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம், பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் துணியை முக்கி, ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும்.

கத்தரி வெயிலில் நாள் முழுக்கக் காயவைக்காதீர்கள், பிரம்பு வெடித்துவிடும். நிழலில், நல்ல காற்றில் காயட்டும். ஈரம் போகும்முன் உட்காரவும் கூடாது. எங்கள் தாத்தாவின் நாற்காலியில் அப்படி உட்கார்ந்து, நடுப்பின்னல் குழி விழுந்துவிட்டது. மனசே கேட்கவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துண்டை அரை மணி நேரம் போட்டு, முழுசாக ஒரு நாள் காயவிட்டோம். காயக் காயப் பிரம்பு சுருங்கி, பின்னல் மறுபடி விறைப்பாக நின்றது. இழை அறுந்திருந்தால் இது உதவாது.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதுதான் பெரிய தவறு. உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். மூடாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, ஃபேனடியில் காயவையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் ஆணிகளும் துருப்பிடிக்கும். அவ்வப்போது நாற்காலியைக் கவிழ்த்து மூட்டுகளைப் பாருங்கள்.

காலடியில் மாவு மாதிரித் தூள் கிடந்தால், பெருக்கித் தள்ளிவிட்டு மறந்துவிடாதீர்கள். உள்ளே வண்டு துளைத்துக்கொண்டிருக்கலாம். மற்ற மரச் சாமான்களை விட்டுத் தள்ளி வைத்து, பூச்சி மருந்து அடிப்பவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.