வீட்டு வாசலைக் குறுக்கு வழியாக்குவோரைத் தடுக்கும்போது செய்யக் கூடாதவை

இரண்டு தெருக்கள் கூடும் மூலை மனையில் வீடு கட்டி, காரை ஒரு பக்கம் உள்ளே கொண்டுவந்து மறுபக்கம் வெளியே எடுக்கத் தோதாக இரண்டு கேட் வைத்தவர்கள், சில மாதங்களிலேயே அந்தச் சிமெண்டுத் தளம் தெருவாருக்கும் பாதையாகிவிட்டதைக் காண்கிறார்கள். டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் முதலில் வருவார்கள், பிறகு சைக்கிள் வரும், அதன் பிறகு தெருமுனையைச் சுற்றிப் போக மனமில்லாத பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே வீட்டு வாசலைக் கடக்கும். இதைத் தடுக்க வீட்டுக்காரர்கள் செய்யும் காரியங்களில் பல, நடப்பவரை நிறுத்துவதில்லை. வீட்டுக்காரருக்குத்தான் வம்பைக் கொண்டுவருகின்றன.

எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, அந்த இடம் முழுவதும் தனக்கே உரியது என்பதை ஆவணத்தில் பார்க்காமல் அடைக்கத் தொடங்குவது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளுக்குக் கீழே ‘மாமூல் தட பாத்தியம்’, ‘வண்டிப்பாதை பாத்தியம்’ போன்ற, பிறர் அந்த வழியே போய்வரும் உரிமையைக் குறிக்கும் சொற்கள் ஒரே வரியில் ஒதுங்கிக் கிடக்கும். வாங்கும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. தாய்ப் பத்திரத்தில் இருந்து, நடப்புப் பத்திரத்தில் விடுபட்டுப் போயிருப்பதும் உண்டு. பட்டாவோடு புல வரைபடத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய வண்டிப்பாதை ஏதேனும் மனையின் ஓரத்தில் ஓடுகிறதா என்பது அதில் தெரியக்கூடும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருந்தால், தெருவுக்கென உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பகுதிக்குள் நம் தளம் நீண்டிருக்கிறதா என்று மனைப்பிரிவு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவது, பின்னால் வரக்கூடிய வழக்குச் செலவோடு பார்க்கும்போது மிகச் சிறிய செலவு.

அண்ணன் தம்பி பாகம் பிரித்த சொத்தில் இன்னும் கவனம் தேவை. பின்பக்கப் பாகத்துக்கு முன்பக்கப் பாகத்தின் வழியாக அல்லாமல் வெளியேற வேறு வழியே இல்லை என்றால், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (பிறர் நிலத்தின் வழியே போய்வருவது போன்ற உரிமைகளுக்கான சட்டம்) 13ஆம் பிரிவின்படி அந்த வழியைத் தேவையின் பேரில் உரிமையாக ஏற்கிறது. அதைக் குறுக்கு வழி என்று சொல்லிப் பூட்ட முடியாது. வேறு வழி கிடைத்து அந்தத் தேவை தீரும்போது அந்த உரிமையும் முடிந்துவிடும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

இடம் நம்முடையதுதான், யாருக்கும் பாத்தியம் இல்லை என்று உறுதியான பிறகு பெரும்பாலோர் செய்யும் தவறு, பொருமிக்கொண்டே சும்மா இருப்பது. ‘போனால் போகட்டும், பகைத்துக்கொள்வானேன்’ என்ற மௌனம்தான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தானது என்பது என் கருத்து. ஒருவர் மற்றொருவருடைய நிலத்தின் வழியை வெளிப்படையாகவும், சச்சரவின்றியும், தடையின்றியும், தனக்கு உரிமை உண்டு என்ற பாவனையில் 20 ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால், அவர் அதை வசதியுரிமையாகவே கோர மேற்படி சட்டத்தின் 15ஆம் பிரிவு இடம் தருகிறது. 20 ஆண்டுகள் என்பது நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் வீடு தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதற்குள் அது கழிந்துவிடும்.

இங்கே பலருக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. கோபித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பவரைவிட, ‘தாராளமாகப் போய்க்கொள்ளுங்கள், ஆனால் இது என் அனுமதியின் பேரில்’ என்று சொல்பவரின் நிலைதான் பாதுகாப்பானது. அனுமதி பெற்று நடப்பவர் தனக்கு உரிமை உண்டு என்ற பாவனையில் நடக்கவில்லை; எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் அந்த அனுபவம் வசதியுரிமையாகக் கனிவதில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் கோயிலுக்குப் போக உங்கள் வாசலைத் தாண்டுவதில் உங்களுக்கு வருத்தம் இல்லையென்றால், அதை ஒரு தாளில் இரண்டே வரியில் அனுமதியாக எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த அனுமதியைப் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

‘பொதுவாக’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதி பெற்றவர் அதை நம்பித் தன் செலவில் நிலையான வேலை ஒன்றைச் செய்து முடித்துவிட்டால், அதே வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி அந்த அனுமதியை நினைத்த நேரத்தில் ரத்து செய்ய முடியாமல் போகும். ‘பாதையில் சேறாக இருக்கிறது, ஆளுக்குப் பாதி போட்டு கான்கிரீட் போட்டுவிடலாமே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் யோசனை நல்லெண்ணத்தில் வந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பாதித் தொகையை வாங்காமல், முழுச் செலவையும் நீங்களே ஏற்பது நல்லது.

ஆண்டுக்கு ஒரு நாள் கேட்டைப் பூட்டி வைத்தால் போதும், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒருநாள் பூட்டு இந்தியச் சட்டம் சொல்லும் தடை ஆகாது: தடை ஏற்படுத்தப்பட்டது தெரிந்த பிறகும் பாதையைப் பயன்படுத்தியவர் ஓராண்டுக் காலம் அதற்கு இணங்கி இருந்தால்தான் 15ஆம் பிரிவு அதைத் தடையாகக் கொள்ளும்.

இனித் தடுப்பு வேலைகளுக்கு வருவோம். பணத்தைச் செலவழித்தும் பயன் காணாதவர்கள் பெரும்பாலும் தவறான முனையில்தான் செலவழித்திருக்கிறார்கள். தெருவில் வருபவர் உள்ளே நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்வது, மறுமுனை திறந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும் கணத்தில்தான். ஆகவே அதிகம் பயன்படுத்தாத பின்பக்கக் கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டு, முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியாதபடி செம்பருத்தியோ காகிதப்பூவோ வளர்த்தாலே பாதிப் போக்குவரத்து நின்றுவிடும். அரளியை மட்டும் தவிர்க்கலாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, வேலியோரம் பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் அது வேண்டாம்.

வரிசையாகக் குத்துக்கல் நடுவது இன்னொரு வீண் செலவு. உங்கள் கார் நுழைய வேண்டிய இடைவெளியில் பைக் நுழையாமல் தடுக்கக்கூடிய கல் எதுவும் கிடையாது. கார் வந்து போகும் பக்கத்தில் கேட் ஒன்றுதான் வழி, அதையும் வந்து போகும் ஒவ்வொரு முறையும் சாத்த வேண்டும். எல்லைக்கு வெளியே, தெருவின் ஓரத்தில் கல்லோ சிமெண்டுத் திண்டோ போடுவது அதைவிட மோசமானது. அது பொதுத் தெருவை ஆக்கிரமித்ததாகும், நகராட்சி அதை இடித்து எடுக்கும்போது உங்கள் பக்க நியாயத்தைக் கேட்க ஆள் இருக்காது. சுவரில் சாமிப் பட டைல்ஸ் பதிப்பது அசுத்தம் செய்பவர்களை நிறுத்துவதில் ஓரளவு வெற்றி கண்ட உத்திதான். நடந்து போகிறவரிடம் அது பலிக்காது, அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

முழங்கால் உயரத்தில் கட்டிய சங்கிலியோ கம்பியோ இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக வரும் பைக்கை அது கவிழ்த்துவிட்டால், ‘என் இடத்துக்குள் ஏன் வந்தாய்’ என்ற கேள்வி காவல் நிலையத்தில் அதிக நேரம் நிற்காது. தரையில் ஆணி பதிப்பது, கண்ணாடிச் சில்லு பரப்புவது, வழுக்கும்படி எண்ணெய் ஊற்றுவது ஆகியவை காயப்படுத்துவதற்கென்றே வைத்த பொறிகளாகவே பார்க்கப்படும். கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதை எந்தக் காரணத்துக்காகவும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கே 5 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. தெரிந்தே மின்சாரம் வைத்தவர் மீதான குற்றச்சாட்டு அதோடு நிற்காது.

அறிவிப்புப் பலகை வைப்பவர்கள் பெரும்பாலும் மிரட்டல் மொழியில் எழுதுகிறார்கள். ‘மீறி நுழைந்தால் வழக்குத் தொடரப்படும்’ என்ற வாசகத்தை எல்லாச் சுவர்களிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் சுவர் அலங்காரம். ‘தனியார் இடம், பொதுவழி அன்று’ என்று தெளிவாக எழுதி, அதன் கீழே அடுத்த தெருவுக்குப் போகும் வழியை அம்புக்குறியோடு காட்டினால், புதிதாக வருபவர்களாவது திரும்பிப் போவார்கள். அந்தப் பலகை தேதியோடு எடுத்த புகைப்படமாக உங்கள் கோப்பில் இருப்பது, நீங்கள் மௌனமாக இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகவும் உதவும். கண்காணிப்புக் கேமராவும் அதே காரணத்துக்காகப் பயன்படும். எதிர்வீட்டு வாசலுக்குள் அது எட்டிப் பார்க்காதபடி கோணத்தை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மக்கள் ஏன் குறுக்கே வருகிறார்கள் என்று கேட்காமல் விடுவதும் ஒரு தவறுதான். நேர்வழியில் மழைநீர் தேங்கியிருக்கலாம், பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடப்படாமல் கிடக்கலாம், தெருவிளக்கு எரியாத இருட்டில் நாய்களுக்குப் பயந்து பெண்கள் உங்கள் வாசல் விளக்கை நம்பி வரலாம். அப்படியானால் வார்டு கவுன்சிலருக்கோ நகராட்சிக்கோ தெருவாரோடு சேர்ந்து ஒரு மனு கொடுப்பது, புதிய கேட்டைவிட விரைவில் பலன் தரக்கூடும். திட்டித் தீர்ப்பதற்கு எளிதில் அகப்படுபவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான் என்பதால், பைக்கில் பறப்பவர்கள் மேல் உள்ள கோபத்தையும் அவர்கள் மேல் கொட்டுகிறோம். அந்தப் பெற்றோர் மறுநாள் வாசலில் வந்து நின்றால், சட்டப்படி நம் பக்கம் நியாயம் இருந்தும் தெருவில் நாம் தனியாகிவிடுவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பிடிவாதமாகக் கேட்டைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்றால், முதலில் காவல் நிலையத்துக்கு ஓடுவதில் ஏமாற்றமே மிஞ்சும். குற்ற அத்துமீறலுக்கு, குற்றம் புரியும் அல்லது இடத்தில் இருப்பவரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். சும்மா நடந்து போனதை வைத்து அதை நிறுவுவது கடினம். ஆகவே காவலர்கள் ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லி அனுப்புவதில் வியப்பில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, அதற்கும் மசியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக் கட்டளை (இனி அந்த வழியே வரக் கூடாது என்ற தடை உத்தரவு) கோருவதே முறையான வழி. பத்திரம், புல வரைபடம், பலகையின் புகைப்படம், எழுதி வாங்கிய அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.