ரேடாரில் மழைத்துளியை அளக்கும்போது: நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானிலை ரேடார் மழைத்துளிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அது அனுப்பும் அலை துளிகளில் பட்டுத் திரும்புகிறது. எவ்வளவு வலுவாகத் திரும்பியது என்பதிலிருந்துதான் மற்றதையெல்லாம் கணக்கிடுகிறோம். அந்த வலிமை துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரலையைத் தந்துவிடும். ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் எட்டுத் துளிகளுக்கு உரியதுதான்.

இதை மறந்து, திரையில் தெரியும் நிறத்தை அப்படியே மழையளவாகப் படிப்பது முதல் தவறு. 45 டிபிஇசட் (எதிரலையின் வலிமையைச் சொல்லும் அலகு) எதிரலை வருகிறது என்று வையுங்கள். எதிரலையை மழையளவாக மாற்ற 1948-இல் வந்த மார்ஷல்-பால்மர் சூத்திரத்தில் போட்டால் மணிக்கு சுமார் 24 மி.மீ. மழை. வெப்பமண்டல மழைக்கென்று உள்ள சூத்திரத்தில் போட்டால் சுமார் 56 மி.மீ. சிறு துளிகள் ஏராளமாகப் பெய்யும் மழையை ரேடார் குறைத்துக் காட்டிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழை வரக்கூடிய ஊரில், எந்தச் சூத்திரம் என்பது ஏட்டுக் கணக்கு அல்ல; தாமிரபரணிக் கரையில் யாரை எப்போது வெளியேற்றுவது என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது உயரம். எந்த உயரத்தில் அளந்தோம் என்று கேட்காமலே பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நம் பகுதிக்கு இது மிகவும் முக்கியம். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் இருக்கும் டாப்ளர் ரேடார் திருநெல்வேலியிலிருந்து நேர்கோட்டில் 100 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் பொதிகை நிற்கிறது. அரை டிகிரி சாய்வில் செல்லும் ரேடாரின் அலைக்கற்றை 40 கி.மீ. தொலைவில் அரை கி.மீ. உயரத்தைக்கூட எட்டாது, அகத்தியர் மலையோ 1,868 மீட்டர். அந்த மலையைத் தாண்டும் அளவுக்குக் கற்றையைத் தூக்கினால், நெல்லை நகரின் தலைக்குமேல் அது 4 கி.மீ.க்கும் அதிகமான உயரத்தில் செல்லும். அங்கே கற்றையின் அகலமே ஒன்றரை கி.மீ. இருக்கும். கற்றை தொடும் ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில்தான் பனித்துகள்கள் உருகத் தொடங்குகின்றன. உருகும் பனியின் மேல் நீர் படர்ந்து, பெரிய துளிபோல எதிரலையைக் கூட்டிக் காட்டும். அதைப் பெருந்துளி மழை என்று எழுதிவைப்பது பெரும்பிழை.

செங்குத்தாக மேலே பார்த்து மழையை அளக்கும் சிறிய ரேடாரை வைத்தால் இந்தச் சிக்கல் குறையும், வேறொன்று வரும். அது துளி விழும் வேகத்திலிருந்து அளவைக் கண்டுபிடிக்கிறது. 1 மி.மீ. துளி நொடிக்கு சுமார் 4 மீட்டர், 2 மி.மீ. துளி சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். மாஞ்சோலைச் சரிவில் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் மேலேறினால், 2 மி.மீ. துளி 1 மி.மீ. துளியாகத் தெரியும். அதோடு நிற்காது: அந்த வலுவான எதிரலைக்கு ஈடுகட்ட, கணக்கு 64 மடங்கு சிறு துளிகளைக் கற்பித்துவிடும். மலைச்சரிவில் எடுத்த தரவில் சிறு துளிகள் திடீரென்று பெருகினால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். உயரே காற்று அடர்த்தி குறைவு என்பதால் துளிகள் வேகமாக விழும், 4 கி.மீ.யில் இந்த வேறுபாடு 15 சதவீதத்தை ஒட்டி வரும். அதையும் திருத்த வேண்டும்.

கீழே வரவரத் துளி பெரிதானால், துளிகள் மோதி இணைந்தன என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். மலைமறைவில் கிடக்கும் நம் சமவெளியில் வறண்ட காற்று சிறு துளிகளை வழியிலேயே உலர்த்திவிடும். மிஞ்சியவை பெரியவை என்பதால் சராசரி கூடும், மழையோ குறைந்திருக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில், 2 கி.மீ. உயரத்திலிருந்து விழும் 1 மி.மீ. துளி 5 கி.மீ. தள்ளிப்போய் விழும், 3 மி.மீ. துளி அதில் பாதித் தூரம்தான் போகும். களத்தில் நெல் தூற்றும்போது பதர் விலகி விழுவதைப் போன்றதே இது. ஆகவே ஒரே நேரத்தில் மேலும் கீழும் எடுத்த இரண்டு அளவுகள் ஒரே மழையின் அளவுகள் அல்ல.

ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் இறக்கைகளும் எதிரலை தரும். அவை சுழல்வதால், அசையாப் பொருள்களை நீக்கும் வடிகட்டியில் சிக்காது.

தரையில் சரிபார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். துளிகளின் அளவைத் தரையில் அளக்கும் துளிமானி இல்லையென்றால், 1904-இல் வில்சன் பென்ட்லி செய்த முறை இன்றும் பயன்படும். தட்டில் சலித்த மாவை அழுத்தாமல் ஓர் அங்குல ஆழத்துக்குப் பரப்பி, சில நொடிகள் மட்டும் மழையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு துளியும் ஓர் உருண்டையாகும். காயவைத்துச் சலித்தால் உருண்டைகள் அளவுவாரியாகக் கிடைக்கும். அளவு தெரிந்த துளிகளை முதலில் விட்டு, உருண்டைக்கும் துளிக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துச் சாரலுக்கும் ஐப்பசி இடிமழைக்கும் தனித்தனியாக எடுப்பது நல்லது.