கூழாங்கற்களை எண்ணுவதற்கு முன்னால்: சுயாதீனப் படத்தைக் கேஸ் ஸ்டடி செய்கிறவர்கள் வழுக்கும் இடங்கள்

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், தமிழ்ச் சங்கத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. செமஸ்டர் முடிகிற சமயத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது லேப்டாப்போடு வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு சுயாதீனப் படத்தை எடுத்துக்கொண்டு கேஸ் ஸ்டடி எழுத வேண்டும், "சார், ஒருதடவ பாத்துக் குடுங்க." நான் ஆசிரியர் கிடையாது. ஒரு காலத்தில் படக் காட்சிகளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன், அவ்வளவுதான். ஆனாலும் பல வருடமாகப் படித்துக் கொடுத்ததில், எல்லாரும் விழுகிற குழிகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தை எடுத்திருந்தாள். பன்னிரண்டு பக்கம். முதல் நாலு பக்கம் கதைச் சுருக்கம். அடுத்த மூன்று பக்கம் விருதுகள். அப்புறம் இயக்குநர் பட்ட கஷ்டங்கள். கடைசியில் 'குறியீடுகள்' என்று ஒரு தலைப்பு. படிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தைப் பார்க்காமலேயே இந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எழுதிவிடலாம். அதைச் சொன்னதும் பாவம், முகம் சுருங்கிவிட்டது.

கதைக்கு நாலு பக்கம் எதற்கு? குடிகார அப்பா கணபதி, மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவரப் போகிறான். அங்கே சண்டை. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிட, இரண்டு பேரும் கொளுத்துகிற வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். தீர்ந்தது. மொத்தப் படமே 75 நிமிடம்தான். கதையை நீட்டி எழுதுவது பெரும்பாலும் பக்கத்தை நிரப்பத்தான். திருத்துகிறவர்களுக்கும் அது தெரியும்.

அதைவிடப் பெரிய கோளாறு, கேள்வி இல்லாமல் ஆரம்பிப்பது. 'கூழாங்கல்: ஒரு ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் எதை ஆய்வது? விமர்சனம் எழுதுகிறவருக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை உண்டு. கேஸ் ஸ்டடி எழுதுகிறவர் ஒரு முடிச்சைக் கையில் எடுத்து, அது எப்படிப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு: மனைவி சாந்தியை இந்தப் படம் பெரும்பகுதி நேரம் கண்ணிலேயே காட்டுவதில்லை. அப்படியிருந்தும் பார்த்து முடித்தபோது படம் அவளைப் பற்றியது என்று ஏன் தோன்றுகிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால், வழியில் வருகிற மற்ற பெண்கள் எல்லாரும் கண்ணில் படுவார்கள். பஸ்ஸில் சண்டை நடக்கும்போது கைக்குழந்தையோடு இறங்கிப் போகிறவள், கடைசியில் ஊற்றுக்குழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அள்ளுகிறவர்கள். கேமரா கணபதியை விட்டுவிட்டு யார் பின்னால் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்தாலே பாதி கட்டுரை வந்துவிடும்.

கல்லைக் கல்லாகப் பார்ப்பது

அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'கூழாங்கல் என்பது இறுகிப்போன மனித மனத்தின் குறியீடு.' இதே வாக்கியத்தை வேறு வேறு கையெழுத்தில் நான் எத்தனை தடவை படித்தேனோ. 'வறண்ட நிலம் வறண்ட உறவின் குறியீடு' என்பது இதன் தங்கச்சி.

கொஞ்சம் பொறுங்கள். வேலு அந்தக் கல்லை என்ன செய்கிறான்? வாயில் போட்டுக்கொள்கிறான். வெயிலில் நடக்கிறவர்கள் செய்கிற காரியம் அது. கல் வாயில் கிடந்தால் எச்சில் ஊறும், நாக்கு வறளாது. எங்கள் தாத்தா மாடு மேய்த்த காலத்தில் இதையே செய்ததாகச் சொல்வார். ஆக, முதலில் அது தாகத்துக்கு ஒரு கைவைத்தியம். பிறகு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே அதே மாதிரிக் கற்கள் குவிந்து கிடக்கின்றன.

அந்த ஒரு ஷாட்டில் படம் எவ்வளவு சொல்லிவிடுகிறது பாருங்கள். நாம் பார்த்தது ஒரு நாள். குவியலில் இருப்பது அவனுடைய மற்ற நாட்கள். இந்த நடை முதல் தடவை இல்லை, அம்மா போவதும் முதல் தடவை இல்லை. ஒரு வசனம் கிடையாது, பழைய நினைவுக் காட்சி கிடையாது. ஒரு சாதாரணப் படம் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லுகிற முன்கதையைப் பையனின் கை ஒரே அசைவில் சொல்லிவிட்டது. 'குறியீடு' என்று எழுதிய கணத்தில் இதெல்லாம் மறைந்து போகிறது. பொருள் என்ன வேலை செய்கிறது, எங்கே முதலில் வருகிறது, மறுபடி எங்கே வருகிறது என்று எழுதிவிட்டால், அர்த்தம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிச் சில்லை வைத்து வேலு அப்பாவின் முதுகில் வெயிலைப் பாய்ச்சுகிறானே, அதையும் இப்படித்தான் எழுத வேண்டும். பையன் வெயிலையே ஆயுதமாக எடுத்துக்கொள்கிற இடம் அது.

'படத்தில் இசையே இல்லை, மௌனம் பேசுகிறது' என்பது இன்னொரு பழகிய வரி. டைட்டிலில் யுவன் சங்கர் ராஜாவின் பெயர் இருக்கிறது. இசை மிகக் குறைவு, சரி. ஆனால் மௌனம் எங்கே இருக்கிறது? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் காதால் மட்டும் கேளுங்கள். காற்று, காலடி, மூச்சு எல்லாம் சேர்ந்து என்ன இரைச்சல். காதில் விழுந்ததை நேரத்தோடு ஒரு தாளில் குறித்தால் அது ஆதாரம். மௌனம் பேசுகிறது என்பது வெறும் அலங்காரம்.

பேட்டியை அப்படியே இறக்குவது

வினோத்ராஜ் பல பேட்டிகளில் சொன்ன விஷயம்: அவருடைய சகோதரியைக் கணவர் வீட்டில் விரட்டிவிட, அவர் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே வந்தார், படத்தின் விதை அதுதான். மாணவர்கள் இதை எடுத்து, 'இது உண்மைக் கதை' என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கென்னவோ விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றும். நடந்தது என்ன? ஒரு பெண் குழந்தையோடு நடந்தாள். படத்தில் நடப்பது என்ன? ஓர் ஆண் பிள்ளையோடு நடக்கிறான். அதாவது, அந்தத் தூரத்தை, அந்த வெயிலை, விரட்டுகிற ஆளின் காலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டார் இயக்குநர். இந்த இடமாற்றம் ஒரு முடிவு. அதனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று எழுதினால் அது ஆய்வு. பேட்டி நமக்குத் தருவது மூலப் பொருளை மட்டும்தான்.

இயக்குநர் திருப்பூரில் வேலை பார்த்தது, சென்னையில் டிவிடி கடையில் இருந்தது எல்லாம் மனதைத் தொடும். டிவிடி கடையில் உலகப் படங்கள் பார்த்தார் என்பது ஷாட் அமைப்பில் எங்கே தெரிகிறது என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கூட்டத்தில் ஆவேசமாகப் பேசும்போது, 'இதில் நடித்த எவருமே நடிகர்கள் இல்லை, அந்த மண்ணின் மனிதர்கள்' என்று விட்டு அடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், நாடகக்காரர், எழுந்தார். "தம்பி, கணபதியா வர்ற கருத்தடையான் நாடக மேடையில இருந்து வந்தவர். நீங்க ஒரே வார்த்தையில அவரோட பயிற்சியை எல்லாம் அழிச்சிட்டீங்களே." பையனாக வந்த செல்லப்பாண்டி புதுமுகம், அப்பாவோ பழகிய உடம்பு. அந்த இரண்டு உடம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வருகிற வித்தியாசம்தான் பார்க்க வேண்டியது, நான் அதைக் கோட்டை விட்டிருந்தேன். நடிகர் இல்லாதவர்களை வைத்து எடுத்த படம் வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே, மண்டியா மாவட்டத்தில், ராம் ரெட்டி எடுத்த 'திதி' இருக்கிறது. 2015-ல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் விருது வாங்கிய கன்னடப் படம். கதையை எழுதிய ஈரே கௌடாவுக்கே அந்தக் கிராமம் சொந்த ஊர்.

எது சுயாதீனம்?

'குறைந்த பட்ஜெட்டில் எடுப்பது' என்று முதல் வரியில் எழுதுகிறார்கள். குறைந்த பட்ஜெட்டில் குத்துப்பாட்டும் எடுக்கலாம். பணம் யாருடையது, கடைசி வெட்டு, அதாவது படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்கிற உரிமை, யார் கையில் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். 'கூழாங்கல்' விக்னேஷ் சிவன், நயன்தாராவின் ரௌடி பிக்சர்ஸ் பெயரில் வெளிவந்தது. வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' சிவகார்த்திகேயனின் தயாரிப்பு, சூரி நடித்தது, 2024 ஆகஸ்டில் தியேட்டருக்கே வந்தது. பின்னணி இசை அறவே இல்லை, முடிவைத் திறந்தே விட்டார்கள். நட்சத்திரத்தின் பணம் வந்ததால் சுயாதீனம் போய்விட்டதா? என் கருத்து, போகவில்லை. நீங்கள் மறுக்கலாம், படத்துக்குள் இருந்து காட்டி மறுக்க வேண்டும்.

பெங்களூருப் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கம். கூட்டு நிதி என்றாலே பவன் குமாரின் 'லூசியா'வில் (2013) ஆரம்பித்துவிடுவார்கள். நூறு பேருக்கு மேல் பணம் போட்டு எடுத்த கன்னடப் படம் அது, நம்ம ஊர்ப் பெருமை வேறு. ஆனால் 1976-லேயே குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ஷியாம் பெனகலின் 'மந்தன்' வந்திருக்கிறது. மலையாள இயக்குநர் ஜான் ஆப்ரகாமும் அவருடைய ஒடேசா குழுவும் கேரளத்தில் ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி 'அம்மா அறியான்' எடுத்தது 1986-ல். 'இந்தியாவிலேயே முதன்முறை' என்று எழுதக் கை துறுதுறுத்தால், அந்தக் கையை ஒரு நிமிடம் கட்டிப் போடுங்கள்.

ஈரானியப் படம் மாதிரி இருக்கிறது, உலகத் தரம், மெதுவாக நகரும் கவிதை. இவற்றை எங்கே பார்த்தாலும் நான் சிவப்பில் அடித்துவிடுவேன். காரணம் சொல்லக்கூட இப்போதெல்லாம் பொறுமை இல்லை.

விருதோடு கதையை நிறுத்துவதும் ஒரு தவறு. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 'கூழாங்கல்'லுக்கு டைகர் விருது. அதே வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரை. இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பார்வையாளர் அந்தப் படத்தைப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபர் கடைசியில், சோனி லிவ் தளத்தில். நடுவில் இரண்டே முக்கால் வருடம். சுயாதீனப் படத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சங்கதி கிடைக்குமா? அந்தப் பெண்ணின் பன்னிரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. அதற்குப் பதில், 'இப்படம் சுயாதீன சினிமாவின் வெற்றியை நிரூபிக்கிறது' என்று இருந்தது. ஒரு படம் எதையும் நிரூபிக்காது. எப்படி நடந்தது என்று காட்டும், அவ்வளவுதான். விழாக்களுக்குப் போய்விட்டு வந்து, எந்தத் தளத்திலும் ஏறாமல் ஹார்டு டிஸ்க்கில் தூங்குகிற படங்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

கடைசியாக ஒன்று, இது நம்மை மாதிரி வெளியூர்த் தமிழர்களுக்கே உரியது. அந்தப் பெண் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், படிக்கத் தடுமாறுவாள். படத்தைச் சப்டைட்டிலோடு பார்த்து, மேற்கோளையும் அந்த ஆங்கில வரிகளிலிருந்தே எடுத்திருந்தாள். படத்தில் வருகிற, மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துப் பேச்சில் ஒவ்வொரு வசவுக்கும் ஒரு எடை உண்டு. எதைச் சொன்னால் அடிதடி, எதைச் சொன்னால் வெறும் எரிச்சல் என்று கேட்கிறவருக்குத் தெரியும். சப்டைட்டிலில் எல்லாம் ஒரே கெட்ட வார்த்தையாகி விடுகிறது. சண்டைக் காட்சி எப்போது சூடாகிறது என்பதே அதனால் அவளுக்குப் பிடிபடவில்லை. சப்டைட்டிலை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை இரண்டு தடவை ஓட்டினோம். இரண்டாம் தடவை, "ஓ, இங்கயா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது கேட்டாள். "சார், பேசாம 'திதி'க்கு மாறிடட்டுமா? கன்னடம் எனக்கு நல்லா வரும்."

"உனக்கு வர்றது பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக் கன்னடம். அதுல பேசுறது மண்டியா கன்னடம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க மாடி வீட்டு அக்கா மத்தூர்க்காரங்க. கூட உக்காந்து பாக்கச் சொல்லட்டுமா?"

மத்தூர் மண்டியா மாவட்டம்தான். சரி, போகும்போது அரைக் கிலோ காபித்தூள் வாங்கிக்கொண்டு போ என்றேன். ஒரு காட்சியை நாலு தடவை ஓட்டச் சொன்னால் அந்த அக்காவுக்கும் ஏதாவது தெம்பு வேண்டுமே.