ஸ்கிரிப்ட் பெயர் மறந்துபோனால் என்டிஎல்

பல மாதமாகத் தொடாத புராஜெக்டைத் திறக்கிறீர்கள். டெவ் சர்வரைக் கிளப்பும் ஸ்கிரிப்ட் 'டெவ்'வா, 'ஸ்டார்ட்'டா, 'சர்வ்'வா? டெர்மினலில் 'என்பிஎம் ரன்' (என்பிஎம் என்பது நோட்.ஜேஎஸ்ஸின் பேக்கேஜ் மேனேஜர்) என்று மட்டும் அடித்தால், புராஜெக்டின் அமைப்புக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் உள்ள எல்லா ஸ்கிரிப்டும் வரும். ஆனால் பெயரைப் பார்த்து மறுபடி நாமேதான் டைப் செய்ய வேண்டும். அந்தச் சோம்பலுக்காகத்தான், ஸ்கிரிப்டுகளைப் பட்டியலிட்டு அதிலிருந்தே ஓட்டவிடும் என்டிஎல் என்ற சின்னக் கருவியை நான் வைத்திருக்கிறேன்.

நோட்.ஜேஎஸ் இருந்தால் போதும், என்பிஎம் வழியாக குளோபலாக நிறுவிக்கொள்ளலாம். அப்புறம் பேக்கேஜ்.ஜேசன் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் 'என்டிஎல்' என்று அடியுங்கள். ஸ்கிரிப்ட் பெயர்கள் வரிசையாக வரும். அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்டினால் ஓடும். பட்டியல் நீளமென்றால் ஆட்டோகம்ப்ளீட் ஆப்ஷன் கொடுங்கள், இரண்டு மூன்று எழுத்து அடித்ததுமே வடிகட்டித் தரும்.

'ப்ரீபில்ட்', 'போஸ்ட்பில்ட்' எங்கே என்று தேடாதீர்கள். 'பில்ட்' ஓடும்போது என்பிஎம்மே அவற்றை முன்னும் பின்னும் ஓட்டிவிடும் என்பதால் என்டிஎல் மறைத்துவைக்கிறது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஆல் ஆப்ஷன் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது விளக்கக் குறிப்புகள்தான். ஜேசனில் கமென்ட் எழுத முடியாது, தெரியுமே. அதற்குப் பதில் பேக்கேஜ்.ஜேசனில் 'என்டிஎல்' என்று ஒரு பிரிவு, அதற்குள் 'டிஸ்கிரிப்ஷன்ஸ்', அதில் 'டிபி:ரீசெட்' என்ற பெயருக்கு எதிரே "லோக்கல் டேட்டாபேஸைத் துடைத்து மாதிரித் தரவை ஏற்றும்" என்று ஒரு வரி. டிஸ்கிரிப்ஷன்ஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் பெயருக்குப் பக்கத்திலேயே அது தெரியும். அடுத்தவர் எழுதிய புராஜெக்ட் என்றால் இன்ஃபோ ஆப்ஷன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உண்மையில் எந்தக் கட்டளை ஓடுகிறது என்பதையே காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'டிபி:மைக்ரேட்'டும் 'டிபி:ரீசெட்'டும் பெரும்பாலும் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கும். டைப் செய்யும்போது கை கொஞ்சம் யோசிக்கும். அம்புக்குறிக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. அழிக்கிற ஸ்கிரிப்டுகளை எக்ஸ்க்ளூட் ஆப்ஷனால் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஆனால் அந்த ஸ்கிரிப்டே "ஆமாவா, இல்லையா" என்று கேட்கும்படி எழுதிவிடுவதுதான் என் கணக்கில் சரி. எந்த வழியில் ஓட்டினாலும் காப்பாற்றும்.

டெஸ்ட், பில்ட் எல்லாம் சர்வரில் தானாக ஓடும் சிஐ பைப்லைனில் இது வேண்டாம், அங்கே தேர்ந்தெடுக்க ஆள் இல்லை. 'என்பிஎம் ரன்' என்று பெயர் சொல்லியே ஓட்டுங்கள். கடைசியாக ஓட்டியதையே திரும்ப ஓட்ட 'என்டி' என்று அடித்தால் போதும். டெஸ்டைத் திருத்தித் திருத்தி ஓட்டும் வேளையில் நான் என்டிஎல்லைவிட இதைத்தான் அதிகம் தட்டுகிறேன்.