தற்காப்புக்கு எந்தக் கலையைக் கற்பது? கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"அக்கா, கராத்தேல சேரட்டுமா, சிலம்பத்துல சேரட்டுமா?" என்று என் சித்தி மகள் கேட்டாள். ஓசூர் சிப்காட்டில் அவளுக்கு வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளைச் சூளகிரிக்குப் பக்கத்தில் பைபாஸில் இறக்கிவிடும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். அங்கிருந்து ஊருக்குள் இருபது நிமிட நடை. பாதி வழி மாந்தோப்பு.

அவளுக்குச் சொன்னதை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். நான் சின்ன வயதில் ஊர் வாத்தியாரிடம் கம்பு சுற்றினேன். கல்லூரி நாட்களில் இரண்டு வருடம் கராத்தே. பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு வருடம் ஜூடோ. இந்த மூன்றிலும் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: கலையின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். அந்த வகுப்பில் உங்களை எதிர்த்து ஒருவர் நிஜமாகவே திமிறுகிறாரா, அதைப் பார்த்துச் சேருங்கள்.

படி 1: உங்கள் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்

எந்த வகுப்பையும் விசாரிப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, நீங்கள் தினமும் போகும் வழியில் அதே நேரத்துக்கு நடந்து பாருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் அப்படித்தான் நடந்தோம். அவள் நோட்டில் மூன்று இடங்கள் விழுந்தன: டாஸ்மாக் இருக்கும் வளைவு, விளக்கு எரியாத தோப்பு ஓரம், ஏரிக்கரையில் படுத்திருக்கும் ஏழெட்டு நாய்கள். மறுநாளே, அதே பஸ்ஸில் வரும் பக்கத்துத் தெருப் பெண்ணோடு சேர்ந்து வர ஏற்பாடு செய்துகொண்டாள். தெருவிளக்குக்குப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தோம். இதற்கெல்லாம் எந்தக் கலையும் தேவைப்படவில்லை.

உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். பைக்கில் வந்து செயினைப் பிடித்து இழுப்பது இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடுகிற காரியம், அதற்குக் கராத்தே உதவாது. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பதும், செயினைத் துப்பட்டாவுக்குள் மறைப்பதும்தான் உதவும். பல பெண்களுக்குத் தொல்லை இருட்டில் வருவதே இல்லை. கூட்டமான பஸ்ஸில், வேலை செய்யும் இடத்தில், தெரிந்த ஆளிடமிருந்து வருகிறது. அப்படிப்பட்டவனிடம் முதலில் வேண்டியது குரல். "கையை எடு" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்துவதும் பழகித்தான் வரும். நல்ல வகுப்புகளில் அதையும் பழக்குவார்கள்.

படி 2: எந்தக் கலை எதைக் கொடுக்கும்?

சிலம்பம் நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும். கோயில் திருவிழாவில் கம்பு சுற்றுகிறவர்களிடம் கேட்டாலே வாத்தியாரைக் காட்டிவிடுவார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். அது கொடுக்கும் பெரிய வரம் காலடி. எதிராளி எட்டும் தூரம் எது, எட்டாத தூரம் எது என்று கண் அளந்துவிடும், கால் தானாக விலகும். நாய் பாய்ந்து வந்தாலும் அந்தக் காலடி உதவும். ஆனால் நெற்றி உயரக் கம்பைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ்ஸில் போவதில்லை. அதனால் சேரும்போதே வாத்தியாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "குத்துவரிசை சொல்லித் தருவீங்களா? ஜோடி போட்டு விளையாட விடுவீங்களா?" குத்துவரிசை என்பது கம்பில்லாமல் வெறும் கையால் அடித்துத் தடுக்கும் பகுதி. தனியாகச் சுற்றுவதோடு நின்றுவிட்டால் உடற்பயிற்சிக்கு நல்லது, பார்க்கவும் அழகு. தற்காப்புக்குப் பற்றாது.

கராத்தேயும் டேக்வாண்டோவும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி என்று மூன்று மாதத் திட்டம் ஒன்றும் உண்டு; உங்கள் பெண் அரசுப் பள்ளியில் படித்தால் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். டேக்வாண்டோவில் உதைதான் பிரதானம். சேலையிலோ இறுக்கமான சுடிதாரிலோ தலை உயரத்துக்குக் கால் போகாது, அதனால் முழங்காலுக்குக் கீழே உதைப்பதையும் கேட்டுப் பழகுங்கள்.

குத்துச்சண்டையை ஆண்கள் விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். முகத்தை நோக்கிக் கை வரும்போது கண்ணை மூடாமல் இருக்க அதைப் போல வேறெதுவும் பழக்காது.

ஜூடோவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1882-ல் ஜப்பானில் கானோ ஜிகோரோ அதைத் தொடங்கியபோது, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையில் இருந்த எலும்பை முறிக்கும், உயிருக்கு ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் ஜோடிப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார். அதனால்தான் இரண்டு பேர் தினமும் முழுப் பலத்தோடு ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளிப் பழக முடிந்தது. பயங்கரமான அடியைக் காற்றில் ஆயிரம் தடவை போடுவதைவிட, எளிய பிடியைத் திமிறும் ஆள்மேல் நூறு தடவை போடுவது கைக்கு வரும். இன்னொன்று, ஜூடோவில் முதல் சில வாரம் விழத்தான் கற்றுத் தருவார்கள். ஈரப் படியில் வழுக்கியபோது என் தலையைக் காப்பாற்றியது அந்தப் பாடம்தான். ஜூடோ, ஜியு ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் கலை) வகுப்புகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எளிதில் அமையாது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் வார இறுதியில் போய்வரலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், இப்போது என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் கேளுங்கள்.

படி 3: சேருவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்

ஒரு மணி நேரமாவது பாருங்கள். பார்க்கவே விடமாட்டேன் என்றால் அங்கே சேராதீர்கள்.

ஜோடிப் பயிற்சியில் பிடிக்கிறவர் உண்மையாகப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். மாஸ்டர் கை வைத்ததும் மாணவர் தானாகப் போய் விழுந்தால், அங்கே நாடகம்தான் பழகுகிறார்கள். கிளவுஸ், மவுத் கார்டு இருக்கின்றனவா? அடிபட்டவரை உட்கார வைத்து என்னவென்று கேட்கிறார்களா, "இதெல்லாம் தாங்கணும்" என்று விரட்டுகிறார்களா? பெண்களைத் தொட்டுத் திருத்தும் முன் சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் மாஸ்டர் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் கராத்தே படித்த இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் (பெல்ட் தேர்வு), ஒவ்வொரு கிரேடிங்குக்கும் தனிப் பணம். இரண்டு வருடத்தில் பெல்ட் நிறம் ஐந்து தடவை மாறியது. ஒருநாள்கூட யாரும் என்னைப் பிடித்துத் தள்ளியதில்லை. ஜூடோ வகுப்பின் முதல் நாளிலேயே என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி சட்டைக் காலரைப் பிடித்து என்னை நகரவிடாமல் நிறுத்தினாள். அந்த இரண்டு வருடம் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கத்தியைப் பிடுங்கும் வித்தையை முதல் மாதமே சொல்லித் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். கத்தி தெரிந்தால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். நம் மாவட்டங்களில் வயல் நடுவே நடுகல் பார்த்திருப்பீர்கள். ஊர் மாட்டை மீட்கப் போய்த் திரும்பாதவர்களுக்கு நட்ட கற்கள் அதில் நிறைய. அவர்களை நானும் கும்பிடுவேன். ஒரு செல்போனுக்காக நீங்கள் அப்படிப் போகக்கூடாது.

படி 4: தூரமும் பணமும்

வாரம் இரண்டு நாளாவது போகமுடிகிற தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். முட்டிவலி, முதுகுவலி, சர்க்கரை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: மூன்று மாதம் கழித்து வீட்டில் சோதித்துப் பாருங்கள்

அண்ணனையோ வீட்டுக்காரரையோ உங்கள் மணிக்கட்டை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டை ஒரு கையால் பிடிக்கும்போது பிடித்தவரின் கட்டைவிரல் பக்கம்தான் பலவீனம். அந்தப் பக்கமாக முழங்கையை மடித்து, உடம்பையும் சேர்த்துத் திருப்பி விடுபட்டு, வாசல் வரை ஓட வேண்டும். பத்துத் தடவையில் ஆறேழு முறை முடிந்தால் வகுப்பு வேலை செய்கிறது. ஒருமுறைகூட முடியவில்லை என்றால் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டால் வகுப்பை மாற்றுங்கள்.

படி 6: சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தற்காத்துக்கொள்ள அடிப்பது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. ஒருவன் விழுந்துவிட்டான், ஓட வழி கிடைத்துவிட்டது என்றால் திரும்பி வந்து உதைக்கக்கூடாது. அவசர உதவி எண் 112-ஐயும் பெண்கள் உதவி எண் 181-ஐயும் போனில் முதலில் வரும்படி பதிந்து வையுங்கள்.

சித்தி மகள் இப்போது ஞாயிறு காலையில் சிலம்பத்துக்குப் போகிறாள். அந்த வாத்தியார் குத்துவரிசையும் சொல்லித் தருகிறார், ஜோடியும் போட்டு விடுகிறார். முதல் நாள் போகும்போது நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன். வளையல், கம்மல், செயின் எல்லாம் வீட்டிலேயே. மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளலாம், மூக்குத்திக்கும் அப்படியே. ஒரு துண்டும் ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.