திறந்த தந்தி சரி, கார்டு மட்டும் பிசகு

கைமாறி வந்த எலெக்ட்ரிக் கிட்டார். திறந்த தந்திகள் (விரல் வைக்காமல் மீட்டுபவை) சுருதி காட்டும் டியூனரில் துல்லியமாக நின்றன. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகளில் முதல் மூன்றுக்குள் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) பிடித்தால் மட்டும் சுருதி ஏறிக் காதைக் குடைந்தது. ஜி தந்திதான் படுமோசம்.

புதுத் தந்தி போட்டேன். தந்தியின் அடிமுனையைத் தாங்கும் சேடிலை நகர்த்தி, 12ஆம் ஃபிரெட்டில் இன்டோனேஷனைச் (ஃபிரெட்டில் பிடித்தாலும் சுருதி சரியாக நிற்பது) சரிசெய்தேன். கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களில் குறையில்லை என்று பழுதுபார்ப்பவர் சொல்லிவிட்டார். நாட்கள் போனதுதான் மிச்சம்.

பிறகு ஒரே சுரத்தை மெல்லத் தொட்டும் அழுத்திப் பிடித்தும் டியூனரைப் பார்த்தேன். அழுத்தியபோது முள் மேலே ஓடியது! முந்தைய உரிமையாளர் ஜம்போ ஃபிரெட் போட்டிருந்தார். அதன் உயரம் சுமார் 1.4 மி.மீ.; பழைய பாணி ஃபிரெட்டுக்கு 1.1 தான். தாழ்ந்த ஃபிரெட்டில் விரல் பலகையில் முட்டி நின்றுவிடும். இங்கே முட்டுவதற்கு எதுவுமில்லை. அழுத்த அழுத்தத் தந்தி இழுபட்டுக்கொண்டே போகிறது. என் இடக்கை வேறு சற்று முரட்டுக்கை.

0.009 அங்குலத் தந்திக்குப் பதில் சற்றுத் தடித்த 0.010 செட் போட்டு, கழுத்தினுள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பியான டிரஸ் ராடைச் சற்று இறுக்கினேன். இன்டோனேஷனை இம்முறை வாசிக்கும் அதே அழுத்தத்தில் வைத்தேன். கார்டுகள் சேர்ந்துவிட்டன. பெண்ட் செய்ய (தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்ற) இந்த உயரம் அருமையாக இருப்பதால் ஃபிரெட்டை மாற்றவில்லை.